சுண்டெலியின் மூக்கும் முதுமையின் கணக்கும்

கண்ணின் நரம்பணுக்களுக்கு முன்னால் விழிப்படலமும் வில்லையும் காவல் நிற்கின்றன. காதின் உணர்வணுக்கள் செவிப்பறைக்கு அப்பால், எலும்புக் குகைக்குள், நீருக்குள் பத்திரமாக இருக்கின்றன. மூக்கில் இருப்பவற்றுக்கு அப்படி ஒரு காவலும் இல்லை. மெல்லிய சளிப்படலத்தைத் தவிர வேறு திரையின்றி அவை காற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. புகையும் தூசும் கிருமியும் நஞ்சும் முதலில் வந்து விழுவது அவற்றின்மீதுதான். அவற்றின் மறுமுனையோ மண்டையோட்டின் சல்லடைத் துளைகள் வழியாக நேரே மூளைக்குள் புகுந்துவிடுகிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் மாக்ஸ் ஷுல்ட்சே 1850களில் இந்த அணுக்களை உருப்பெருக்கியில் கண்டு விவரித்தபோது, இவ்வளவு மென்மையான ஒன்று இவ்வளவு அபாயமான இடத்தில் எப்படி ஓர் ஆயுட்காலம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். அது எழுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அதற்குக் கிடைத்த விடை, முதுமை என்பதைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம் ஒன்றையே அசைத்துப் பார்க்கிறது.

அந்த எண்ணம் இதுதான்: கத்தி மழுங்குவதுபோல, துணி நைவதுபோல, உறுப்பு தேய்கிறது, அதுவே மூப்பு. கிழட்டுச் சுண்டெலி ஒன்றின் மூக்கில் மிச்சமிருக்கும் ஒரு நரம்பணுவைத் தனியே சோதித்தால் அது மழுங்கிப் போயிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். (மணம், வாசனை, நாற்றம் மூன்றில், நன்மணத்துக்கும் ஒருகாலத்தில் உரியதாயிருந்த நாற்றம் என்ற அழகிய சொல்லை நாம் கெடுத்துவிட்டதால், இக்கட்டுரையில் முகர்வு என்றே எழுதிச்செல்கிறேன்.)

நரம்பியலின் வரலாற்றில் முகர்வுக்கு முதல் வரிசையில் இடமுண்டு. வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுவைக் கருமையாகச் சாயமேற்றும் முறையை 1873இல் கண்டறிந்த இத்தாலியர் கமில்லோ கோல்ஜி, இரண்டே ஆண்டுகளில் அதை முகர்குமிழின்மீது செலுத்திப் பார்த்தார். முகர்குமிழ் என்று நான் சொல்வது, மூக்கிலிருந்து வரும் நரம்பிழைகள் மூளையில் முதலில் சென்று சேரும் சிறு மேடு. அதற்குள் உருண்டை உருண்டையாக நூற்பந்துகள்போல் முடிச்சுகள் உள்ளன. மூக்கின் இழையும் மூளையின் இழையும் சந்தித்துக்கொள்வது அந்த நூற்பந்துகளில்தான். கோல்ஜியின் அதே சாயத்தைக் கொண்டு அதே இடத்தைப் பார்த்த ஸ்பானியர் சந்தியாகோ ரமோன் இ காஹால், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையல்ல, தனித்தனி உயிர்கள் என்றார். கோல்ஜி அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசுரையிலும் கோல்ஜி மறுத்துத்தான் பேசினார்.

காஹாலின் இன்னொரு தீர்ப்புதான் நம் கதைக்கு முக்கியம். 1913-14இல் வெளியான நரம்பின் சிதைவும் மீட்சியும் பற்றிய பெருநூலில், வளர்ந்த விலங்கின் மூளை நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை என்றார். அங்கே சாவு உண்டு, மறுபிறப்பு இல்லை என்பது அதன் சாரம். இந்தக் கடும் விதியை மாற்ற முடிந்தால் எதிர்கால அறிவியல் மாற்றட்டும் என்றும் உடனேயே எழுதினார். பின்வந்தவர்கள் தீர்ப்பை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஆசிரியரின் ஐயத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் மாணவர்களை இலக்கியத் துறையிலும் நாம் பார்க்கிறோம்.

அந்த விதியில் முதல் கீறல் விழுந்த விதம் விசித்திரமானது. அதற்குக் காரணம் இளம்பிள்ளை வாதம்.

1930களில் போலியோ கிருமி மூக்கின் நரம்பு வழியாகவே மூளையை அடைகிறது என்று பலர் நம்பினார்கள். குரங்குகளின் மூக்கில் கிருமியை இட்டுச் செய்த சோதனைகள் அப்படித்தான் காட்டின. அப்படியானால் மூக்கின் நரம்பை மூடிவிட்டால் நோய் நுழையாதல்லவா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வின் ஷுல்ட்ஸ் துத்தநாக சல்ஃபேட் கரைசலைக் குரங்குகளின் மூக்கில் தெளித்தார். அந்தக் குரங்குகளுக்கு மூக்கின் வழியே கொடுத்த கிருமி தொற்றவில்லை. 1937இல் கனடாவின் டொராண்டோவில் போலியோ பரவியபோது, பெற்றோரின் ஒப்புதலோடு சுமார் 5000 குழந்தைகளின் மூக்கில் இதே கரைசலைத் தெளித்தார்கள். நோயிடமிருந்து அது அவர்களைக் காக்கவில்லை. மனிதருக்குப் போலியோ பெரும்பாலும் வாய் வழியே குடலுக்குள் செல்வது என்பது பின்னால் தெளிவாயிற்று. குழந்தைகளில் ஒரு பகுதியினர் முகர்வை இழந்தார்கள். சிலருக்கு அது நெடுநாள் திரும்பவில்லை. பீதியில் இருந்த ஊர், நல்ல எண்ணம் கொண்ட மருத்துவர்கள், குரங்கில் பலித்த ஒரு மருந்து என்று எல்லாமே நியாயமாகத் தோன்றும் சூழலில்தான் இது நடந்தது. அந்தக் குழந்தைகளின் பிற்காலத்தைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதியிருக்கலாம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சி. ஜி. ஸ்மித் என்ற உடற்கூறியலாளர் இருந்தார். இந்தக் கரைசல் முகர்வுச் சவ்வை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து 1938இல் எழுதினார். 1942இல் அவர் எழுதிய கட்டுரை மனிதரின் முகர்வு நரம்பு வயதோடு எவ்வாறு தேய்கிறது என்பது பற்றியது. இறந்தவர்களின் முகர்குமிழ்களை வயது வாரியாக ஒப்பிட்டு, ஆண்டுகள் கூடக்கூட மூக்கிலிருந்து வரும் இழைகள் குறைந்துகொண்டே போவதைக் காட்டினார். 1951இல் வளர்ந்த தவளைகளில் அழிக்கப்பட்ட முகர்வுச் சவ்வும் நரம்பும் மீண்டும் வளர்வதைப் பற்றி எழுதினார். அழிவு, மூப்பு, மீட்சி என்று இத்துறையின் மூன்று கேள்விகளும் ஒரே மனிதரின் மேசைமேல் பதிமூன்று ஆண்டுகளுக்குள் வந்துபோயிருக்கின்றன. ஷுல்ட்ஸும் தன் குரங்குகளை மறுபடி பார்த்தார். எரிந்துபோன இடத்தில் புதிய முகர்வணுக்கள் முளைத்திருந்தன. 1941இலேயே அதைப் பதிப்பித்தார். 1960இல் விரிவாக மீண்டும் எழுதினார். வளர்ந்த பாலூட்டியின் நரம்பணு மீண்டும் பிறக்கிறது என்பது பெரும் செய்தி. ஆனால் அது பெரும் செய்தியாக வரவேற்கப்படவில்லை. மூக்குதானே, வெளித்தோலின் நீட்சிதானே என்று ஒதுக்கிவைக்க வசதியாக இருந்தது.

காயப்பட்டால் முளைக்கிறது என்பது ஒன்று. காயமே இல்லாமல் நாள்தோறும் செத்துப் பிறந்துகொண்டிருக்கிறது என்பது வேறொன்று. இரண்டாவதை நிறுவச் சுண்டெலி தேவைப்பட்டது. பிளவுபடப்போகும் அணு தன் மரபுச்சரட்டைப் படியெடுக்கும்போது தைமிடின் என்ற பொருளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் தைமிடினில் சிறிது கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து எலிக்கு ஏற்றிவிட்டால், அன்று பிறந்த அணுக்கள் மட்டும் முத்திரை பெற்றுவிடும். பிறகு வெவ்வேறு நாட்களில் திசுவைச் சீவி, ஒளிப்படக் குழம்பைப் பூசி இருட்டில் வைத்தால், முத்திரையுள்ள அணுவின்மேல் கரும்புள்ளிகள் தோன்றும். கோல்ஜியிடம் தொடங்கிய வெள்ளி இங்கும் வேலை செய்கிறது, ஒளிப்படக் குழம்பின் வெள்ளித் துகளாக.

டேவிட் மௌல்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970 வாக்கில் சுண்டெலியில் இதைச் செய்தார்கள். சவ்வின் அடிவரிசையில் பிறந்த அணுக்கள் மெல்ல மேலேறி, நரம்பணுவாகி, சில வாரங்களில் மறைந்தன. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாஸ்குவாலே கிராட்சியாடேய் அந்தப் பதிற்றாண்டு முழுவதையும் இதற்கே செலவிட்டார். முகர்வு நரம்பை அறுத்தால் மூக்கிலுள்ள முதிர்ந்த அணுக்கள் சில நாட்களில் மடிகின்றன. அடியணுக்கள் விழித்துப் பிளவுறுகின்றன. புதிய அணுக்கள் சல்லடைத் துளைகளின் வழியே இழையை அனுப்பி மீண்டும் முகர்குமிழைத் தொடுகின்றன. இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம். 1979இல் வந்த கட்டுரைத் தொடரோடு ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. முகர்வணுவின் ஆயுள் சுமார் 30 நாள் என்று பாடநூல்கள் எழுதத் தொடங்கின.

அப்படி எழுதியதும் அவசரம்தான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹைண்ட்ஸ் ஓர் எளிய கேள்வி கேட்டார்: இந்த எலிகள் சுவாசிக்கும் காற்று எப்படிப்பட்டது? ஆய்வுக்கூடத்து எலிகளுக்கு மூக்கழற்சி மிகச் சாதாரணம். மரத்தூள், சிறுநீரின் நெடி, ஒரே அறையில் நூற்றுக்கணக்கான கூண்டுகள். அவர் சுண்டெலிகளை வடிகட்டிய காற்று வீசும் அடைப்புக்குள் வளர்த்தார். தன் குழுவினரோடு 1984இல் வெளியிட்ட முடிவின்படி, முத்திரையிட்ட முகர்வணுக்களில் சில ஓராண்டு வரைகூட உயிரோடிருந்தன. சுண்டெலிக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் பெரும்பகுதி. ஆக, முப்பது நாள் என்பது அணுவின் விதியாக இருக்கவில்லை; அது கூண்டின் காற்று விதித்த கெடுவாக இருந்தது. 1991இல் ஆஸ்திரேலியாவின் மக்கே-சிம்மும் கிட்டலும் அளந்தபோதும் பல அணுக்கள் மூன்று மாதங்களையும் தாண்டி வாழ்வது தெரிந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஹைண்ட்ஸுடையதுதான். பெரிய கருவி ஒன்றும் இல்லை. காற்றைச் சுத்தம் செய்தார், அவ்வளவே.

அதே ஹைண்ட்ஸின் பெயர் இன்னொரு சண்டையிலும் வருகிறது. ஜோசஃப் ஆல்ட்மன் 1962 முதலே வளர்ந்த எலியின் மூளைக்குள்ளேயே புதிய நரம்பணுக்கள் பிறப்பதாகச் சொல்லிவந்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. 1977இல் ஹைண்ட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் கப்லனும் எலக்ட்ரான் நுண்ணோக்கி கொண்டு, முகர்குமிழிலும் நினைவுக்குரிய மூளைப்பகுதியிலும் அத்தகைய அணுக்களைக் காட்டினார்கள். கப்லன் பட்ட எதிர்ப்பில் மனம் நொந்து ஆய்வை விட்டு மருத்துவத்துக்குப் போனார். 2001இல் அந்தக் கதையைத் தானே எழுதினார். ஒரு கோட்பாடும் ஓர் ஆய்வு வாழ்க்கையும் செத்த கதை என்பதே அதன் தலைப்பின் பொருள். அதற்குள் 1994இல் கார்லோஸ் லோயிஸும் அல்வாரெஸ்-புய்யாவும், சுண்டெலி மூளையின் ஆழத்தில் பிறக்கும் இளம் அணுக்கள் நெடுந்தொலைவு ஊர்ந்துவந்து முகர்குமிழில் குடியேறுவதைக் காட்டியிருந்தார்கள். ஆகவே முகர்வுப் பாதையில் புதுப்பித்தல் இரண்டு இடங்களில் நடக்கிறது: மூக்கில் ஒன்று, மூளையில் ஒன்று.

இனி மூப்பு.

கனடாவின் கால்கரியில் சாமுவேல் வெய்ஸின் குழு 2004இல் இரண்டு வயதுக் கிழட்டுச் சுண்டெலிகளைச் சோதித்தது. மூளையின் ஆழத்திலிருந்து முகர்குமிழுக்கு வந்துசேரும் புதிய அணுக்கள் அவற்றில் கணிசமாகக் குறைந்திருந்தன. ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான இரு வாசனைகளை அந்த எலிகள் எளிதில் பிரித்தறிந்தன. நெருங்கிய இரு கலவைகளைக் கொடுத்தால் தடுமாறின. அதாவது, மணம் இருக்கிறது, நுட்பம் போய்விட்டது.

மூக்கிலிருக்கும் அணு? இதைக் கேட்க லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்ஸலும் 1991இல் வாசனை ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிய வேண்டியிருந்தது (நோபல் 2004). சுண்டெலியிடம் அத்தகைய மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல். நம்மிடம் சுமார் நானூறு. ஒவ்வோர் அணுவும் அவற்றில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுத்து ஆயுள் முழுக்க அதையே ஏந்துகிறது. ஒரே ஏற்பியை ஏந்தும் அணுக்கள் மூக்கில் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் எல்லாம் முகர்குமிழில் குறிப்பிட்ட ஓரிரு நூற்பந்துகளுக்கே போய்ச் சேர்கின்றன. ஆகவே செத்த அணுவின் இடத்துக்கு வரும் புதிய அணு வெறுமனே பிறந்தால் போதாது. சரியான முகவரிக்கு இழையை அனுப்பவும் வேண்டும்.

பிலடெல்ஃபியாவில் மிங்ஹொங் மாவின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு என் எண்ணத்தில் இந்த வரலாற்றின் உச்சம். ஒன்பது ஏற்பிகளை எடுத்துக்கொண்டு, 3 மாதக் குட்டியிலிருந்து 27 மாதக் கிழம் வரை, ஒவ்வொன்றையும் ஏந்தும் அணுக்களின் அடர்த்தியை எண்ணினார்கள். ஒவ்வோர் ஏற்பிக்கும் உச்சம் வெவ்வேறு வயதில் வந்தது. முதுமையில் ஒன்பதில் ஆறு குறைந்தன; மற்ற மூன்றில் அந்தக் குறைவு தெரியவில்லை. மூப்பு எல்லா வாசனைகளையும் ஒரே அளவாகத் தின்பதில்லை. பிறகு அவர்கள் எம்ஓஆர்23 என்ற ஏற்பியை ஏந்தும் அணுக்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி அமைந்த சுண்டெலிகளை எடுத்து, அந்த அணு ஒவ்வொன்றின்மீதும் நுண்ணிய கண்ணாடிக் குழலை ஒட்டி, லைரால் என்ற வாசனைப் பொருளைக் காட்டி மின்துடிப்பை அளந்தார்கள். (லைரால் ஒரு செயற்கை மலர்மணம். தோல் ஒவ்வாமை தருவதால் 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப் பொருட்களில் அதற்கு இடமில்லை.) கிழட்டு எலியின் அணு இளம் எலியின் அணுவைப் போலவே துடித்தது. உணர்திறனில் குறைவில்லை, மெல்லிய மணத்துக்கும் அடர்ந்த மணத்துக்கும் அது காட்டிய வேறுபாட்டிலும் குறைவில்லை.

கத்தி மழுங்கவில்லை என்றே இதைப் படிக்க வேண்டும். இருக்கும் கத்திகள் கூராகவே உள்ளன, எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது. ஒரு வகையில் இது வியப்புக்குரியதும் அல்ல. 27 மாத எலியின் மூக்கிலுள்ள அணுவும் 27 மாதம் வாழ்ந்த அணு என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் பிழை. கிழவரின் மூக்கில் இருப்பதும் பெரும்பாலும் இளம் அணுவே.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது முறையல்ல. அதே பிலடெல்ஃபியாவில் மோனெல் மையத்தின் நான்சி ராசனும் பிறரும் 440 மனிதர்களிடமிருந்து எடுத்த 621 முகர்வணுக்களைச் சோதித்து 2012இல் எழுதினார்கள். 45 வயதுக்குட்பட்டவர்களின் அணுக்கள் சில வாசனைகளுக்கே பதில் தந்தன. 60ஐத் தாண்டியவர்களின் அணுக்களோ பலவற்றுக்கும் துடித்தன. கூர்மை குன்றவில்லை, ஆனால் தேர்வு தளர்ந்துவிட்டது. எல்லாரும் அழைக்கும்போதும் எழுந்து வரும் அணு யாருக்கும் பயன்படாது. சுண்டெலியில் ஒரே ஏற்பியை, ஒரே வாசனையை வைத்துப் பார்த்தார்கள். மனிதரில் வாசனைக் கலவைகளைக் கொண்டு பார்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சுண்டெலியை அப்படியே நம்மீது ஏற்றிவிடக் கூடாது என்பதற்கு இது போதிய எச்சரிக்கை.

எண்ணிக்கை ஏன் குறைகிறது? பிறப்பு நின்றுபோவதால். எதனால் நிற்கிறது என்பதற்கு மறுபடி பாஸ்டனுக்குப் போக வேண்டும். முதிர்ந்த முகர்வணுக்களில் மிகுதியாக இருக்கும் தனிப்புரதம் ஒன்றை ஃபிராங்க் மார்கோலிஸ் 1972இல் கண்டறிந்திருந்தார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஊச்சன் ஜாங், ஜேம்ஸ் ஷ்வாப் உள்ளிட்ட குழுவினர் அந்தப் புரதத்தின் மரபுவிசையை டிப்தீரியா நச்சோடு பிணைத்தார்கள். அணு முதிர்ந்த உடனே அதற்குள்ளேயே நச்சு சுரந்து அது சாகும். அடியணுக்கள் ஓயாமல் பிரசவித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2018இல் அவர்கள் வெளியிட்ட படங்களில், இரண்டே மாத வயதுள்ள இந்தச் சுண்டெலிகளின் மூக்கு கிழட்டு மூக்காக இருந்தது. திட்டுத்திட்டாக நரம்பணு அற்ற இடங்கள். அங்கே வழக்கமாகப் புதுப்பிக்கும் அடியணுக்களும் இல்லை. சில இடங்களில் முகர்வுச் சவ்வே மறைந்து, வெறும் சுவாசச் சவ்வு வந்து பரவியிருந்தது. வயதான மனிதரின் மூக்கிலும் இதே திட்டுகள் உண்டு.

இங்கே ஹைண்ட்ஸின் தூய காற்றுக் கூண்டை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு சோதனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: மூக்கின் முதுமையைக் கணக்கிடப் பஞ்சாங்கம் மட்டும் போதாது. எத்தனை முறை அணுக்கள் கொல்லப்பட்டு எத்தனை முறை மீள வேண்டியிருந்தது என்பதும் அந்தக் கணக்கில் சேரும். விறகடுப்பின் முன் நாற்பதாண்டு நின்றவரின் மூக்குக்கும் மலைக்காற்றில் வாழ்ந்தவரின் மூக்குக்கும் ஒரே வயது என்று சொல்வது கடினம்.

மனிதரிடம் இழப்பின் அளவு சிறியதல்ல. ரிச்சர்டு டோட்டி 1984இல் 5 முதல் 99 வயது வரையிலான 1955 பேரைச் சோதித்தார். 65 முதல் 80 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்டோரிடமும், 80ஐக் கடந்தோரில் முக்கால் பங்கினருக்கு மேலும் பெருங்குறை இருந்தது. சிகாகோவின் ஜயந்த் பின்டோ குழு 2014இல், 57 முதல் 85 வயதுக்குட்பட்ட சுமார் 3000 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தது. முகர்வை இழந்தவர்களில் 39 சதம் அதற்குள் இறந்திருந்தார்கள். முகர்வு நன்றாக இருந்தவர்களில் 10 சதம். முகர்வின்மை கொல்கிறது என்று இதற்குப் பொருளில்லை. உடலின் புதுப்பிக்கும் வலு குன்றுவதை மூக்கு முந்திக்கொண்டு சொல்கிறதோ என்னவோ. கண் மங்கினால் கண்ணாடி கேட்கிறோம். முகர்வு மங்கினால் உலகத்தின்மீது பழி போடுகிறோம். எண்பதை நெருங்கும் என் தாயார், இப்போது வரும் பெருங்காயத்தில் கலப்படம் என்று சில ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். எரிவாயு கசிந்தால் அவருக்குத் தெரியுமா என்பதுதான் எங்கள் கவலை.

டஃப்ட்ஸின் சுண்டெலிகளுக்குத் திரும்புவோம். முகர்வுச் சவ்வில் அடியணுக்கள் இரு வகை. ஒன்று நாள்தோறும் உழைப்பது. மற்றொன்று தட்டையாகக் கீழே படுத்திருக்கும் சேமப்படை, பெருங்காயம் பட்டால் மட்டும் எழுவது. உழைக்கும் வகை தீர்ந்துபோன திட்டுகளில் சேமப்படை அப்படியே இருந்தது, ஆனால் எழவில்லை. மெல்ல மெல்ல நேர்ந்த இழப்பு அதற்குக் காயமாகவே தெரியவில்லை போலும். நச்சை நிறுத்திப் பார்த்தார்கள். உழைக்கும் அணுக்கள் கொஞ்சமாவது மிஞ்சியிருந்த இடங்களில் நரம்பணுக்கள் மீண்டும் முளைத்தன. இழைகள் முகர்குமிழை நோக்கிப் புறப்பட்டன. சுருங்கியிருந்த நூற்பந்துகளை அவை சென்றடைந்தன. ஆனால் எல்லா இழைகளும் வந்துசேரவில்லை. வந்தவை நுழைந்த நூற்பந்துகளும் பழைய வடிவில் இல்லை.